விலங்கு ஏற்காத நோய்: மாட்டுங்கா தொழுநோயர் இல்லமும் மாதிரி விலங்கு தேடிய வரலாறும்

முன்னுரை

மும்பை மாநகரின் வடாலாப் பகுதியில் இன்று ஆக்வர்த்து மருத்துவமனை என்னும் பெயரோடு விளங்கும் மாநகராட்சி நிறுவனம், 1890-ஆம் ஆண்டில் மாட்டுங்காவில் 'வீடற்ற தொழுநோயர் இல்லம்' என்ற பெயரில் தொடங்கப்பெற்றது. அதன் மேற்கிலும் வடக்கிலும் தமிழர் செறிந்து வாழும் மாட்டுங்காவும் தாராவியும் அமைந்துள்ளன. பம்பாய்த் தமிழர் வரலாற்றை எழுதியோர் ஆலைகள், தோல் பதனிடும் தொழில், கோயில்கள், சங்கங்கள், பள்ளிகள் ஆகியவற்றைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். அக்குடியிருப்புகளின் ஓரத்திலேயே நூறாண்டுகளுக்கு மேலாக நின்றுவரும் இவ்வில்லம் அவ்வெழுத்துகளில் போதிய இடம் பெறவில்லை. மருத்துவ வரலாற்றின் ஒரு கேள்வியை முன்வைத்து அவ்வில்லத்தை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு நோயை உண்டாக்கும் நுண்ணுயிரி எந்த விலங்கிலும் அந்நோயைத் தோற்றுவிக்க மறுக்குமாயின், அந்நோய்க்கு ஆளான மனிதருக்கு நேர்வது என்ன என்பதே அக்கேள்வி.

தொழுநோய்க் கோலுயிரி 1873-இல் கண்டறியப்பட்டது. அது பெருகுவதற்கு இடந்தரும் விலங்கு 1960-இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட எண்பத்தேழு ஆண்டுகளில் நோயாளியின் உடலே ஆய்வுக்கூடமாயிற்று. மாட்டுங்கா இல்லத்தின் மதிற்சுவரை எழுப்பிய காரணங்களுள் இந்த இன்மையும் ஒன்று என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

பன்றியின் மூட்டு

'மாதிரி விலங்கு' என்பதன் பொருளைத் தெளிவுபடுத்த, அது எளிதில் வாய்த்த ஒரு நோயை முதலில் நோக்குதல் தகும். பன்றிகளுக்கு எரிசிபெலாஸ் என்றொரு நோய் உண்டு. தோலில் சாய்சதுர வடிவில் செந்தடிப்புகள் தோன்றும். கடுங்காய்ச்சலில் பல பன்றிகள் இறந்துவிடும். 1880-களின் தொடக்கத்தில் செருமனியில் லோஃப்லரும் பிரான்சில் பாசுத்தரும் அவருடைய உதவியாளர் துய்லியேயும் இதன் நுண்ணுயிரியை ஆராய்ந்தனர். 1883-இல் பாசுத்தர் இதற்கொரு தடுப்பூசியையும் வெளியிட்டார். நுண்ணுயிரி ஊடகத்தில் வளர்ந்தது. வளர்ந்ததை ஊசிவழி ஏற்றினால் விலங்கு நோயுற்றது. நோயுற்ற விலங்கிலிருந்து அதனை மீண்டும் பிரித்தெடுக்கவும் முடிந்தது. கோக்கு வகுத்த நெறிகள் அனைத்தும் சில ஆண்டுகளுக்குள் நிறைவெய்தின.

இந்நோயிலிருந்து தப்பிப் பிழைத்த பன்றிகள் பின்னர் முடமாயின. மூட்டுகள் வீங்கின, மூட்டுறை தடித்து, குருத்தெலும்பின்மேல் படர்ந்து அதனை அரித்தது. மூட்டுநீரில் உயிருள்ள நுண்ணுயிரியைக் காண்பது அரிதாகிவிட்ட நிலையிலும் அழற்சி தணியவில்லை. இத்தோற்றம் மனிதரின் முடக்குவாதத்தை வெகுவாக ஒத்திருப்பதைக் கண்ட அமெரிக்க, செருமானிய கால்நடை நோயியலார், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு, பன்றியின் மூட்டைக் கொண்டே மனித மூட்டை ஆராயலாயினர். தொடங்கி வைக்கும் நுண்ணுயிரி மறைந்த பின்னும் உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தொடர்ந்து அழிக்கக்கூடும் என்ற கருத்திற்குப் பன்றி ஒரு சான்றாயிற்று. 1956-இல் பியர்சன் என்பார், கொல்லப்பட்ட காசநோய்க் கோலுயிரிகளை எண்ணெயில் கலந்து வெள்ளெலிக்கு ஏற்றி, அதன் மூட்டுகளில் அழற்சியைத் தோற்றுவித்தார். மூட்டுவாத மருந்துகள் பலவும் இவ்வெலியில் சோதிக்கப்பட்ட பின்னரே மனிதரை அடைந்தன.

ஆக, மூட்டுநோய்க்குப் பன்றியும் எலியும் வாய்த்தன. ஐயத்திற்குரிய மருந்து முதலில் அவற்றின் உடலுக்குள் சென்றது. இவ்வாய்ப்பு ஒவ்வொரு நோய்க்கும் கிட்டுவதன்று. காசநோய்க் கோலுயிரியின் நெருங்கிய உறவாகிய தொழுநோய்க் கோலுயிரிக்கு அது கிட்டவில்லை. அதன் விளைவைக் காணப் பம்பாய்க்குத் திரும்ப வேண்டும்.

கார்ட்டரின் குரங்குகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பம்பாயில் விலங்குவழி ஆய்வுக்கு முன்னோடியாக விளங்கியவர் என்றி வாண்டைக் கார்ட்டர் ஆவார். மருத்துவ மாணவர் உலகெங்கும் பயின்ற 'கிரேயின் உடற்கூற்றியல்' நூலுக்கு ஓவியம் வரைந்தவர் இவரே. ஆயினும் பம்பாயில் அவர் ஆற்றிய பணியை அறிந்தவர் சிலரே.

தமிழகம் தாது வருடப் பஞ்சம் என்று நினைவிற் கொண்டுள்ள 1876-78-ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் தக்காணத்தையும் வாட்டியது. பசியால் ஊர் நீங்கியோர் பம்பாயில் திரண்டனர். 1877-இல் அவர்களிடையே விட்டுவிட்டு வரும் ஒரு கொடுங்காய்ச்சல் பரவியது. கார்ட்டர் நோயாளரின் குருதியில் திருகு வடிவ நுண்ணுயிரியைக் கண்டார். அக்குருதியைக் குரங்குகளுக்கு ஏற்றி, அவற்றுக்கும் அதே காய்ச்சல் வருவதை மெய்ப்பித்தார். இவ்வாய்வின் விவரங்களை 1882-இல் நூலாகவும் வெளியிட்டார். ஒரு நோயின் காரணத்தை விலங்கில் மெய்ப்பிக்கும் முறை பம்பாயில் இவ்வளவு முன்னதாகவே கையாளப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

இதே கார்ட்டர் தொழுநோயிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். 1873-இல் அவர் நார்வே சென்று, பெர்கன் நகரத்து மருத்துவமனைகளைக் கண்டார். அன்சன் அங்கே அக்கோலுயிரியை முதன்முதலாக நோக்கிய ஆண்டும் அதுவே. மரபுவழி நோய் என்ற கொள்கையில் இருந்த கார்ட்டர் படிப்படியாகத் தொற்றுக் கொள்கைக்கு மாறி, இந்தியாவிலும் நார்வேயைப் போன்று நோயாளரைத் தனித்து வைக்கும் இல்லங்கள் வேண்டுமென வற்புறுத்தினார். ஆனால் காய்ச்சலுக்குக் குரங்கு அளித்த சான்றினைத் தொழுநோய்க்கு எந்த விலங்கும் அளிக்கவில்லை. முயல், கினிப்பன்றி, குரங்கு என ஐரோப்பிய ஆய்வாளர்கள் பலரும் முயன்றனர். தொழுநோய்க் கணுவைத் துண்டாக்கி முயலின் கண்ணுள் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. வெற்றி என்று அறிவிக்கப்பட்டவை ஒவ்வொன்றும் பின்னர் ஐயத்திற்குள்ளாயின. தொற்று என்பது நுண்ணோக்கியில் கண்ட ஒரு காட்சியின் வழி எழுந்த ஊகமாகவே நின்றது. அந்த ஊகத்தை அடிப்படையாகக் கொண்டே சுவர்கள் எழுந்தன.

மாட்டுங்கா, 1890

1889-இல் அவாய்த் தீவுகளில் தொழுநோயாளரிடையே பணிபுரிந்த தமியான் அடிகள் அந்நோயாலேயே இறந்தார். அச்செய்தி ஆங்கிலப் பேரரசெங்கும் அச்சத்தை எழுப்பியது. பம்பாயின் தெருக்களில் இரந்துண்ட தொழுநோயாளரை அகற்ற வேண்டுமென்ற குரல் வலுத்தது. நகராட்சி ஆணையராக இருந்த எச். ஏ. ஆக்வர்த்து நன்கொடை திரட்டி, ஒருகாலத்தில் பீரங்கிப்படையினர் தங்கியிருந்த மாட்டுங்காவில் 1890-இல் இல்லத்தை நிறுவினார். அன்று மாட்டுங்கா நகரின் விளிம்பு; வயலும் சதுப்பும் சூழ்ந்த இடம்.

ஆக்வர்த்து மராத்தியரின் பவாடா என்னும் வீரகதைப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1894-இல் வெளியிட்டவர் என்பது இவ்விதழின் வாசகர்க்கு ஆர்வமூட்டக்கூடும். தெருவில் பாடி இரந்தோரின் வாய்மொழியைத் தொகுத்து மொழிபெயர்த்த அதே கைதான், தெருவில் இரந்த தொழுநோயாளரை ஊர்ப்புறத்திற்கு அனுப்பும் ஆணையிலும் கையொப்பமிட்டது. இதனை முரண் என்று கொள்ள வேண்டியதில்லை. இரண்டும் அக்கால ஆட்சியரின் ஒரே ஒழுங்குணர்வின் இரு முகங்கள் என்றே தோன்றுகிறது.

இல்லம் தோன்றிய அதே காலத்தில், 1890-91-இல், இலண்டனிலிருந்து வந்த தொழுநோய் ஆணையம் இந்தியாவைச் சுற்றிவந்து ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1893-இல் வெளிவந்தது. தொழுநோய் மரபுவழி வருவதன்று. தொற்றக்கூடியதே எனினும் அத்தொற்றின் இடர் மிகச் சிறியது. ஆதலின் கட்டாயமாகப் பிரித்துவைக்கும் சட்டம் தேவையில்லை என்பது அதன் முடிவு. இன்றைய அறிவோடு ஒப்பிடின் இம்முடிவு பெரும்பாலும் சரியானதே. ஆனால் ஆணையத்தை அனுப்பிய நிதிக்குழுவினருள் பலர் அதனை ஏற்கவில்லை. விலங்கில் மெய்ப்பிக்கப்பட்ட சான்று இரு தரப்பாரிடமும் இல்லை. சான்றில்லாத வழக்கில் அச்சமே வென்றது. 1898-இன் தொழுநோயர் சட்டம், புண் தோன்றிய தொழுநோயுடையாரையே 'தொழுநோயர்' என வரையறுத்தது. அவர்களுள்ளும் பொது இடத்தில் இரப்பவரை, அல்லது பிழைப்புக்கு வெளிப்படையான வழியின்றித் திரிபவரைப் பிடித்து இல்லத்தில் அடைக்க அது வழிவகுத்தது. வீட்டினுள் இருந்த செல்வர் அதன் வரம்பிற்குள் வரவில்லை. கோலுயிரி ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை, சட்டம் பார்த்தது.

ஒப்புநோக்கிற்குப் பிளேக்கு நோயை இங்கே எடுத்துக்கொள்ளலாம். 1896 செப்டம்பரில் அது பம்பாயில் தோன்றியது. அக்டோபரில் ஆஃப்கின் கிராண்டு மருத்துவக் கல்லூரியில் பணியைத் தொடங்கினார். முயல்களில் சோதித்துத் தடுப்பு மருந்தை உருவாக்கி, 1897 சனவரி 10-ஆம் நாள் தம் உடலிலேயே அதனை ஏற்றிக்கொண்டார். மூன்று திங்களில் ஒரு தடுப்பூசி! முயலும் எலியும் அந்நோயை ஏற்றமையால் இயன்ற விரைவு இது. அவ்வேளையில் மாட்டுங்கா இல்லம் தொடங்கி ஆறாண்டுகள் கடந்திருந்தன. அங்கிருந்தோர்க்குப் புண்ணைக் கழுவிக் கட்டுதல், உணவு, நீரடிமுத்து எண்ணெய் ஆகியவற்றிற்கு மேல் மருத்துவம் தர ஒன்றுமில்லை.

சாணவாயு வரலாறு பேசும் நூல்களில் மாட்டுங்கா இல்லம் வேறொரு காரணத்தால் இடம்பெறுகிறது. நகரின் கழிவுநீர்ப் பொறியாளராயிருந்த சி. சி. சேம்சு, இல்லத்தின் கழிவை மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டு, எழும் வாயுவை எரிபொருளாக்கும் சோதனையை 1897-ஐ ஒட்டி இங்கே நடத்தினார். உலகில் இத்தகைய முதல் நிலையம் 1859-இல் பம்பாய்த் தொழுநோயர் குடியிருப்பில் அமைந்தது என்று பல நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வருகின்றன. இல்லமே 1890-இல் தோன்றியதாகலின் அவ்வாண்டு பிழையானது என்பது வெளிப்படை. நோய் தரும் நுண்ணுயிரி ஆய்வாளர்க்கு அடங்காதிருந்த அதே வளாகத்தில், கழிவை உண்ணும் நுண்ணுயிரிகள் விளக்கெரிக்கப் பணிந்தன. நோயாளரோ அவ்விரண்டுக்கும் வேண்டிய பொருளை வழங்குவோராக இருந்தனர்.

மனிதரே மாதிரியான காலம்

விலங்கு இல்லாத இடத்தில் மனிதர் நிறுத்தப்பட்டமைக்கு இம்மூன்று நிகழ்ச்சிகளும் சான்றாவன. நார்வேயின் தானியல்சென் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தமக்கும் தம் பணியாளர்க்கும் பலமுறை நோய்ப்பொருளை ஏற்றிக்கொண்டார். யாருக்கும் நோய் வரவில்லை. 1879-இல் அன்சன், ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவருடைய இசைவின்றியே கோலுயிரியைச் செலுத்த முயன்றார். வழக்குத் தொடரப்பட்டு 1880-இல் அவர் மருத்துவமனைப் பதவியை இழந்தார். கோலுயிரியைக் கண்டறிந்த பெருமகன் என்று போற்றும் நூல்கள் இத்தீர்ப்பை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வழக்கம். 1884-இல் அவாயில் ஆர்னிங் என்ற செருமானியர், மரண தண்டனை பெற்ற ஒருவருக்கு உயிரை விலையாகப் பேசி நோய்ப்பொருளை ஏற்றினார். அம்மனிதர் சில ஆண்டுகளில் தொழுநோயுற்று இறந்தார். ஆயினும் அவர் குடும்பத்திலேயே நோய் இருந்தமை பின்னர்த் தெரியவந்ததால், அச்சோதனையும் பயனற்றதாயிற்று.

சட்டத்திற்கு உட்பட்ட வழிகளிலும் நிலைமை இதுவே. தொழுநோய்க்கு உடல் காட்டும் எதிர்ப்பை அளக்க உதவிய லெப்ரோமின் சோதனைக்கான மருந்து, நோயாளரின் கணுக்களை வெட்டியெடுத்து, வேகவைத்து, அரைத்துச் செய்யப்பட்டது. கோலுயிரியைத் தட்டில் வளர்க்க இயலாமையால் அரை நூற்றாண்டுக் காலம் மனிதத் தசையே அதன் மூலப்பொருளாக இருந்தது. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் நெடுங்காலம் கையாண்ட நீரடிமுத்து எண்ணெய், ஊசிமருந்தாக மாற்றப்பட்டு இந்தியாவெங்கும் பல்லாயிரவர்க்கு ஆண்டுக்கணக்கில் ஏற்றப்பட்டது. ஊசியிட்ட இடம் வீங்கி வலிக்கும், நோயாளர் பொறுத்துக்கொண்டனர். அது பயன் தந்ததா என்பதைத் தனித்துக் காட்டும் விலங்குச் சோதனை இல்லாத நிலையில், மருத்துவரின் நம்பிக்கையே அளவுகோலாயிற்று.

பயன் தந்த மருந்தும் விலங்கின் வழியாகவே வந்தது. எனினும் வேறொரு விலங்கு, வேறொரு நோய். டாப்சோன் என்ற சல்ஃபோன் மருந்து பசுக்களின் மடிவீக்க நோய்க்குப் பயன்பட்டு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் லேடி வெலிங்டன் தொழுநோய் நிலையத்தில் பணியாற்றிய இராபர்ட் காக்கரேன், 1946-இல் அதனை எண்ணெயில் கலந்து நோயாளர்க்கு ஊசிவழி அளிக்கத் தொடங்கினார். தமிழகத்துக் கால்நடைக்கும் உழவர்க்கும் இடையே உள்ள உறவை எண்ணும்போது, மாட்டு மருந்து மனிதரின் பெருநோயைத் தணித்த இந்நிகழ்ச்சி வேறெங்கும் நடவாது செங்கற்பட்டில் நடந்தமை பொருத்தமாகவே படுகிறது. மருந்து மலிவானது, சில ஆண்டுகளில் மாத்திரை வடிவிலும் வந்தது. மாட்டுங்கா போன்ற இல்லங்களில் வாழ்நாள் முழுதும் இருத்தல் வேண்டும் என்னும் நியதி இதன்பின்னரே தளரத் தொடங்கியது.

தொழுநோயில் மூட்டு

தொழுநோயில் விரல்களும் மூட்டுகளும் அழிவது எவ்வாறு என்பதைப் பற்றியும் விலங்கு இன்மையால் நீண்ட காலம் தவறான கருத்து நிலவியது. கோலுயிரியே தசையையும் எலும்பையும் தின்றுவிடுகிறது என்று மருத்துவரும் நம்பினர். 1946-ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர் வந்து சேர்ந்த பால் பிராண்டு, காக்கரேனின் அழைப்பில் செங்கற்பட்டு சென்று நோயாளரின் கைகளைக் கண்டார். மடங்கிப்போன விரல்களையுடைய ஒருவர் கைகொடுத்தபோது அப்பிடியின் வலிமை அவரைத் திடுக்கிட வைத்தது. விரலை மடக்கும் முன்கைத் தசைகள் நன்னிலையில் இருந்தன. உள்ளங்கையின் சிறு தசைகளே நரம்பிழந்து செயலற்றிருந்தன. நரம்பு கெட்டதால் வலியுணர்வு போகிறது. வலியில்லாக் கை சூட்டையும் வெட்டையும் உணர்வதில்லை. காயமும் சீழுமே விரலைக் குறைக்கின்றன. வலியுணராத கணுக்கால் மூட்டு, தன் எலும்பு நொறுங்குவதை அறியாமலே உடலைச் சுமந்து நடக்கிறது. இவ்வுண்மையை வேலூரில் நோயாளரின் கைகளையும் அவர்தம் அன்றாட வேலைகளையும் உற்றுநோக்கியே பிராண்டு கண்டடைந்தார். தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை முறையையும் அங்கேயே உருவாக்கினார்.

மூட்டு தாக்கப்படும் வேறொரு வழியும் உண்டு. சிகிச்சைக்கு முன்போ இடையிலோ உடலின் எதிர்ப்பாற்றல் கிளர்ந்து, கோலுயிரியின் சிதைவுகளோடு போரிடும் நிலையில், கை கால் மூட்டுகள் இருபுறமும் ஒத்து வீங்கும். முடக்குவாதம் என்றே அதனை மயங்கிக்கொள்வது இன்றும் நேர்கிறது. பன்றியின் மூட்டில் ஆய்வாளர் கண்டதும் இத்தகையதே: நுண்ணுயிரி ஒடுங்கிய பின்னும் தொடரும் எதிர்ப்பின் சீற்றம். யூகியின் வைத்திய சிந்தாமணி மரபில் எண்பது வகை வாதங்களை அறிந்த நம் மக்கள், மூட்டு வீங்கினால் வாதம் என்று எண்ணுவது இயல்பு. தோலில் உணர்ச்சியற்ற தேமல் ஒன்றிருப்பதைக் கேட்டறியும் மருத்துவர் வாய்க்கும்வரை அந்நோயாளி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் நரம்பு கெட்டுவிடும்.

பரேலும் எலியின் பாதமும்

மாட்டுங்காவிலிருந்து தெற்கே சிறு தொலைவில் உள்ள பரேலில், இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையத்தில், வி. ஆர். கானோல்கர் தலைமையில் தொழுநோயின் நரம்புச் சிதைவு ஆராயப்பட்டது. அங்கே 1958-இல் பாப்பட்டும் அவர்தம் குழுவினரும், நோயாளியின் கணுவிலிருந்து ஒரு கோலுயிரியை ஊடகத்தில் வளர்த்தெடுத்தனர். மையத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அது ஐ.சி.ஆர்.சி. கோலுயிரி எனப்பட்டது. அது தொழுநோய்க் கோலுயிரியே என்ற தொடக்க நம்பிக்கை நிலைக்கவில்லை. உறவினமான வேறொரு கோலுயிரி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அம்முயற்சி வீண்போகவில்லை என்பதைக் கீழே காணலாம்.

1960-இல் அமெரிக்காவில் செப்பர்டு, சுண்டெலியின் பாதத்தில் தொழுநோய்க் கோலுயிரி பெருகுவதைக் காட்டினார். உடலின் குளிர்ந்த உறுப்புகளையே அது நாடுகிறது என்பது மனிதரின் காது, மூக்கு, விரல் ஆகியவற்றில் முன்னரே தெரிந்திருந்தது. விலங்கின் உடலுக்குள் தேடியவர்கள் அதன் பாதத்தை விட்டுவிட்டிருந்தனர். கோலுயிரி ஒருமுறை இரட்டிக்கப் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் ஆகும். ஒரு சோதனை முடிய ஓராண்டு வரை செல்லும். எனினும் எந்த மருந்து கொல்கிறது, எது கொல்லவில்லை என்பதை முதன்முதலாக எலி சொன்னது. 1964-இல் டாப்சோனுக்கு அடங்காத கோலுயிரிகள் தோன்றிவிட்டமையை மலேயா நோயாளரிடமிருந்து எடுத்த கோலுயிரிகளைக் கொண்டு எலியே மெய்ப்பித்தது. ஒரு மருந்தால் போதாது என்ற அறிவின் விளைவே, உலக நலவாழ்வு நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையாகும்.

1971-இல் கிர்கைமரும் எலினார் இசுடார்சும் மேலும் ஒரு விலங்கைக் காட்டினர். ஒன்பது வளையக் கவசம் பூண்ட அமெரிக்க ஆர்மடில்லோ என்னும் அவ்விலங்கின் உடல் வெப்பம் 32 முதல் 35 பாகை வரையே. மனிதரைப்போல் அதன் நரம்புகளும் இந்நோயால் கெடுகின்றன. அதன் ஈரலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கோலுயிரிகள் பெருமளவில் கிடைத்தன. லெப்ரோமினுக்காக மனிதத் தசையை வெட்டும் தேவை அத்துடன் குறைந்தது.

தாராவி

இதற்குள் மாட்டுங்கா மாறிவிட்டிருந்தது. பிளேக்கின் பின் 1898-இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெருக்கடி மிகுந்த நகரை வடக்கே விரிக்கத் தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் மனைகளை வகுத்தது. அலுவலகப் பணிக்கு வந்த தமிழர் அங்கே குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. இடம் போதாதோர் பின்னர்ச் செம்பூருக்குப் பெயர்ந்தனர். முயலில் சோதிக்க முடிந்த நோய் ஊரை வடக்கே தள்ள, சோதிக்க முடியாத நோய்க்காக ஊருக்கு வெளியே வைத்த இல்லத்தை ஊர் வந்து சூழ்ந்துகொண்டது.

தாராவிக்கு வந்த தமிழரின் கதை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தோர், பாந்திராவின் இறைச்சிக் கூடத்தை ஒட்டி வளர்ந்த தொழிலில் உழைத்தனர். நெருங்கிய குடிசைகளும் போதா உணவும் தொழுநோய்க்கு இடந்தந்தன. இல்லத்தில் அடைப்பதற்கு மாறாக வீட்டருகே சென்று மருந்தளிக்கும் முறை இங்கே வேரூன்றியது. 1976-இல் தோன்றிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டம் மருத்துவர் ஆர். கணபதியின் வழிகாட்டலில் தாராவியில் தெருத்தெருவாக, பள்ளி பள்ளியாக நோயாளரைக் கண்டறிந்தது. சுவருக்குள் கொண்டுபோகப்படுவோம் என்று அஞ்சிய மக்கள், தேமலை மறைத்து வந்தவர்கள். மருந்து தங்கள் சந்துக்கே வருகிறது, வேலையை விட வேண்டியதில்லை என்று அறிந்தபின் தாமே சட்டையைக் கழற்றிக் காட்டினர் என்றால், அம்மாற்றத்தைச் சிறிதென்று கூறவியலாது. ஆயினும் சட்டங்கள் பின்தங்கியே நின்றன. 1959-இன் பம்பாய் இரத்தல் தடுப்புச் சட்டம் தொழுநோயாளரைத் தடுத்துவைக்க இடமளித்தது. மணமுறிவுக்குத் தொழுநோயைக் காரணமாகக் கொள்ளும் விதி 2019-இல்தான் நீக்கப்பட்டது.

செங்கற்பட்டும் 'டி.என்.' கோலுயிரியும்

பரேலில் 1958-இல் வளர்ந்த ஐ.சி.ஆர்.சி. கோலுயிரியிலிருந்து எம். ஜி. தேவ் குழுவினர் ஒரு தடுப்பூசியை உருவாக்கினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991 முதல் தமிழகத்தில், செங்கற்பட்டுப் பகுதி ஊர்களில், 1,71,400 பேரைக் கொண்டு நான்கு தடுப்பூசிகளை ஒப்பிட்டுச் சோதித்தது. 1998-இல் வெளியான முடிவின்படி ஐ.சி.ஆர்.சி. 65.5 விழுக்காடும், பி.சி.ஜி.யோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கோலுயிரி சேர்ந்தது 64 விழுக்காடும், பி.சி.ஜி. மட்டும் 34.1 விழுக்காடும், நான்காவதாகிய எம்.டபிள்யூ. 25.7 விழுக்காடும் காப்பளித்தன. இரண்டாவதாகச் சொன்ன கலவையில் இருந்த கோலுயிரிகள் ஆர்மடில்லோவின் உடலில் வளர்ந்தவை. மும்பையில் தட்டில் வளர்ந்ததும் அமெரிக்க விலங்கில் வளர்ந்ததும் தமிழக ஊர்களில் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஏறத்தாழச் சமமாக நின்றன. கூட்டு மருந்தால் நோய் வேகமாகக் குறைந்துவந்த காலமாதலின், இவை பொதுப் பயன்பாட்டிற்குப் பெரிதும் வரவில்லை.

2001-இல் தொழுநோய்க் கோலுயிரியின் மரபுத்தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டு வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 32 இலட்சத்து 70 ஆயிரம் எழுத்துகள் கொண்ட அத்தொகுதியில் செயலுள்ள மரபணுக்கள் 1,600 அளவிலேயே உள்ளன. ஆயிரத்திற்கும் மேற்பட்டவை சிதைந்து செயலிழந்தவை. தனக்கு வேண்டியவற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும் திறன்களைப் பெரிதும் இழந்து, பிற உயிரின் உடலணுவிற்குள் ஒதுங்கி வாழும் உயிராக அது குறுகிவிட்டது. அன்சனுக்குப் பின்வந்த மூன்று தலைமுறை ஆய்வாளரின் ஊடகங்களும் முயல்களும் ஏன் தோற்றன என்பதற்கு இது தக்க விளக்கமாகும். அவ்வாறு படிக்கப்பட்ட கோலுயிரியினம் தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டு ஆர்மடில்லோவில் வளர்க்கப்பட்டது. 'டி.என்.' என்ற இரண்டெழுத்துப் பெயரால் அது உலக ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது. அவை தமிழ்நாட்டைக் குறிக்கும் எழுத்துகள்.

1898-இன் தொழுநோயர் சட்டத்தை மாநிலங்கள் பலவும் நீக்கிய பின்னர், 2016-இல் நாடாளுமன்றமும் அதனை நீக்கிற்று. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியராகவே இருந்து வருகின்றனர். வடாலாவில் ஆக்வர்த்தின் இல்லம் மருத்துவமனையாகத் தொடர்கிறது. அவ்வளாகத்தில் தொழுநோய் வரலாற்றுக்கெனச் சிறியதொரு காட்சியகமும் உள்ளது.